மும்முனை வந்ததும் பழைய போன் சொல்லட்டும்: சார்ஜர் ஏமாற்றும் இடங்கள்

#1 வடவாறு

குறுவை நாற்றங்கால் வேலை தொடங்கும் நேரம். மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தாலும் திறக்காவிட்டாலும், பில்டர் பாயிண்ட் (ஆழம் குறைந்த குழாய்க் கிணறு) வைத்திருப்பவர்கள் அதற்கு முன்பே விதை விட்டுவிடுவார்கள். மும்முனை (மோட்டார் ஓடத் தேவையான த்ரீ பேஸ் கரண்ட்) எப்போது வரும் என்று கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடப்பதை நிறுத்த, மேசை அறைக்குள் தூங்கும் ஆண்ட்ராய்டு போன் ஒன்று போதும். அடிப்படை எளிது: மோட்டார் கொட்டகையில் போனைச் சார்ஜரில் மாட்டிவைக்க வேண்டும். கரண்ட் வந்தால் சார்ஜ் ஏறத் தொடங்கும். அந்த நிகழ்வைப் பிடித்து மேக்ரோட்ராய்ட் செயலி எஸ்எம்எஸ் அனுப்பும்.

இலவசப் பதிப்பில் ஐந்து மேக்ரோ (இது நடந்தால் இதைச் செய் என்ற கட்டளை) வரைதான் அனுமதி. ஐந்தையும் இப்படிப் பங்கிடலாம்:

1. சார்ஜர் இணைந்தது → 90 விநாடி காத்திரு → இன்னும் இணைந்தே இருக்கிறதா என்று பார் → "கரண்ட் வந்தது" எஸ்எம்எஸ்.
2. சார்ஜர் துண்டானது → 5 நிமிடம் காத்திரு → இன்னும் இல்லை என்றால் "போச்சு".
3. பேட்டரி 30 சதவீதத்துக்குக் கீழே → எச்சரிக்கை.
4. தினம் காலை 6 மணி → பேட்டரி அளவோடு ஒரு வரி.
5. குறிப்பிட்ட எண்ணிலிருந்து "நிலை" என்று எஸ்எம்எஸ் வந்தால் → இப்போது சார்ஜ் ஏறுகிறதா இல்லையா என்று பதில்.

நான்காவதை வெட்டி என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். செய்தி வரவில்லை என்றால் கரண்ட் வரவில்லையா, போனே செத்துவிட்டதா என்று தெரியாது. காலைச் செய்தி வந்திருந்தால்தான் மற்ற நேர மௌனத்துக்கு அர்த்தம் உண்டு.

90 விநாடி எதற்கு என்றால், லைன் விடும்போது இரண்டு மூன்று முறை வந்து வந்து போகும். அத்தனைக்கும் செய்தி போனால், ஒரு செயலி நிறைய எஸ்எம்எஸ் அனுப்புகிறது, அனுமதிக்கவா என்று ஆண்ட்ராய்டே திரையில் கேட்டு நிறுத்திவிடும். கொட்டகையில் அந்தப் பொத்தானை அமுக்க ஆள் கிடையாது.

---

#2 நாற்றங்கால்

அருமைங்க. ஒரு சந்தேகம். சார்ஜரை எந்த பேஸில் மாட்டுவது? டூ பேஸ் நேரத்திலும் (இருமுனை மட்டும் விடும்போது) கொட்டகை பல்பு எரியுதே. அப்போ இருமுனைக்கும் செய்தி வருமா?

---

#3 கண்டன்சர்

வரும். இந்த முறையின் பெரிய ஓட்டையே அதுதான். #1-ல் இருப்பது "ஏதோ ஒரு கரண்ட் வந்தது" என்று மட்டும் சொல்லும். "மும்முனை வந்தது" என்று சொல்லாது.

நம் பகுதி டிரான்ஸ்பார்மர் 11 கேவி (மேல் லைன்) பக்கம் டெல்டா, எல்டி (நமக்கு வரும் லைன்) பக்கம் ஸ்டார்; இரண்டும் சுருள்களை இணைக்கும் முறைகள். மேலே ஒரு பேஸை மட்டும் அறுத்து விட்டால் (மேல் லைனின் எச்டி பியூஸ் ஒன்று போனாலும் இதே கதைதான்), கீழே ஒரு பேஸ் முழு 230 வோல்ட், மற்ற இரண்டும் ஏறத்தாழ பாதி, 115 பக்கம் நிற்கும். ஒரு வீட்டில் பல்பு பளிச், பக்கத்து இரண்டு வீட்டில் மங்கல் என்றால் காரணம் இதுதான். அறுத்த பேஸை இன்னொரு பேஸோடு சேர்த்துக் கட்டியிருந்தால் கணக்கே வேறு: கீழே இரண்டு பேஸ் முழுசாக வரும், ஒன்று செத்துக் கிடக்கும்.

உங்கள் லைன் எந்த வகை என்று யாரிடமும் கேட்க வேண்டாம். இருமுனை நேரத்தில், பக்கத்து மோட்டார்களும் ஓடாதபோது, ஆறு அளவு எடுங்கள்: ஆர்-நியூட்ரல், ஒய்-நியூட்ரல், பி-நியூட்ரல், ஆர்-ஒய், ஒய்-பி, பி-ஆர். மீட்டரை 600 அல்லது 750 ஏசியில் வையுங்கள். 200-ல் வைத்து 415-ஐத் தொடாதீர்கள்.

எந்த பேஸ் செத்துக் கிடக்கிறதோ அதில் சார்ஜரை மாட்டினால் தீர்ந்தது என்று தோன்றும். தீராது. இரண்டு காரணம்.

ஒன்று, சார்ஜர் மேல் அச்சடித்திருப்பதைப் படியுங்கள்: 100-240 வோல்ட். பாதி வோல்ட்டில் வரும் 115-லும் அது சிரித்துக்கொண்டே வேலை செய்யும்.

இரண்டு, கண்டன்சர் (கெப்பாசிட்டர்) போட்டு டூ பேஸில் மோட்டார் ஓட்டுகிறவர் அதே டிரான்ஸ்பார்மரில் ஒருவர் இருந்தால் போதும். ஓடும் மோட்டார் செத்த பேஸிலும் வோல்ட்டேஜ் உண்டாக்கித் திருப்பி அனுப்பும். டெஸ்டர் எரியும். மீட்டர் 180, 200 காட்டும். உங்கள் சார்ஜரும் "வந்துவிட்டது" என்று நம்பும்.

---

#4 களிமண்

230 வோல்ட் காயில் ரிலே (காயிலுக்குக் கரண்ட் வந்தால் இழுத்து இணைக்கும் சுவிட்ச்) மூன்று வாங்கி, பேஸுக்கு ஒன்றாகப் போட்டு, காண்டாக்டை வரிசையில் இணைத்தால் முடிந்தது. மூன்றும் இழுத்தால்தான் சார்ஜருக்குக் கரண்ட். மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும். இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு?

---

#5 கண்டன்சர்

தம்பி, ரிலே இழுக்கும் வோல்ட்டும் விடும் வோல்ட்டும் ஒன்றல்ல. ஏசி காயில் ரிலே 80 சதவீதத்துக்குள் இழுத்துவிடும். 230-க்கு அது 184. ஆனால் பிடித்ததை விடுவதற்கு 30 சதவீதம் வரை, அதாவது 69 வோல்ட் வரை கூட இறங்க வேண்டியிருக்கலாம். மும்முனையில் இழுத்து நிற்கும் ரிலே, லைன் இருமுனைக்கு மாறி 115-க்கு இறங்கும்போது கிர்ர் என்று கத்திக்கொண்டே பிடித்து நிற்கும். "வந்தது" சரியாக வரும், "போச்சு" வரவே வராது. பாதி வோல்ட்டேஜில் நடுங்கும் காண்டாக்ட் கொஞ்ச நாளில் கருகவும் செய்யும்.

இதற்கென்றே இருக்கும் பொருள் சிங்கிள் பேஸ் பிரிவென்டர். பல ஸ்டார்ட்டர் பெட்டியில் ஏற்கெனவே இருக்கும். தனியாக வாங்கினால் பேஸ் பெயிலியர் ரிலே என்று கேளுங்கள். அது ஒவ்வொரு பேஸும் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், மூன்றுக்கும் நடுவே உள்ள ஏற்றத்தாழ்வையும் வரிசையையும் பார்க்கும். ஆகவே மோட்டார் திருப்பி அனுப்பும் போலி வோல்ட்டில் எளிதில் ஏமாறாது. வாங்கும்போது "அன்பேலன்ஸ்" வசதி உண்டா என்று கேட்டு வாங்குங்கள். வெறும் அண்டர் வோல்ட்டேஜ் மட்டும் பார்க்கும் ரகம் இந்த வேலைக்கு உதவாது.

இணைப்பு:

- ஆர், ஒய், பி மூன்றும் மெயின் சுவிட்சின் வெளியேறும் பக்கத்திலிருந்து ரிலேக்கு.
- ரிலேயின் காண்டாக்ட் பெரும்பாலும் 11, 12, 14 என்றோ 15, 16, 18 என்றோ இருக்கும். மூன்று பேஸும் நலமாக இருந்தால் 11-14 (அல்லது 15-18) மூடும். சரிதானா என்று மீட்டரில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.
- ஒரு பேஸ் → 1 ஆம்பியர் கண்ணாடி பியூஸ் → 11 → 14 → சார்ஜர் சாக்கெட். மறுமுனை நியூட்ரல்.
- பியூஸுக்குப் பின், பேஸுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே 275 வோல்ட் ஏசி மூவ் (MOV, திடீரென ஏறும் வோல்ட்டேஜை உறிஞ்சும் பாகம்) ஒன்று. 14 மில்லிமீட்டர் வட்டு, மேலே 431 என்று இருக்கும்.

முதல் முறை ரிலேயின் விளக்கு எரியாவிட்டால் பேஸ் வரிசை மாறியிருக்கும். ரிலேக்குப் போகும் ஏதாவது இரண்டு வயரை மாற்றுங்கள். ஆனால் பல மாதம் ஒழுங்காக ஓடி, லைன் வேலை நடந்த பிறகு திடீரென்று எரியாமல் போனால் வயரை மாற்றக் கூடாது. அப்போது லைனிலேயே பேஸ் மாறியிருக்கிறது. மோட்டாரும் எதிர்ப்பக்கம் சுற்றும். ரிலே சொல்வது உண்மை, அதை வாயடைக்காதீர்கள்.

---

#6 களிமண்

சரி அண்ணே, ரிலே கதை புரிந்தது. விட்டுவிட்டேன்.

---

#7 பில்டர்பாயிண்ட்

நியூட்ரல் பற்றி யாரும் பேசவில்லை. வயல் லைனில் முதலில் போவது அதுதான். ஜாயிண்டில் நியூட்ரல் விட்டுப்போனால் மூன்று பேஸின் நடுப்புள்ளி நகர்ந்துவிடும். லோடு குறைந்த பேஸில் 230 இருக்க வேண்டிய இடத்தில் 350, 400 கூட ஏறும். மூவ் சூடாகிப் பியூஸை அடிக்கும், அல்லது சார்ஜர் வெடிக்கும். மூன்று வயர் மட்டும் பார்க்கும் பேஸ் ரிலேக்கு நியூட்ரல் போனது தெரியவே தெரியாது.

இதில் சிலர் செய்யும் ஆபத்தான காரியம்: நியூட்ரல் இல்லை என்றதும் எர்த் கம்பியை நியூட்ரலாக எடுப்பது. செய்யாதீர்கள். ஈரக் களிமண்ணில் அது வேலை செய்வதுபோல் தெரியும். கோடையில் மண் வெடித்து எர்த் குழி காய்ந்ததும், அந்த எர்த்தோடு சேர்ந்த மோட்டார் பாடி, இரும்புக் குழாய் எல்லாம் சார்ஜர் வழியாக உயிர் பெறும். குழாய் வாயில் குளிக்கிறவர் யார் என்று யோசியுங்கள்.

சரியான வழி: 415-க்கு 230 கண்ட்ரோல் டிரான்ஸ்பார்மர், 25 விஏ போதும். பேனல் போர்டு செய்பவர்களிடம் கிடைக்கும். இரண்டு பேஸுக்கு நடுவே பிரைமரி, அதில் அரை ஆம்பியர் ஸ்லோ ப்ளோ பியூஸ் (சாதாரண பியூஸ் போட்டால் ஆன் ஆகும் நொடியின் இழுப்பிலேயே போகும்), அதற்குப் பின் ரிலே காண்டாக்ட். செகண்டரியில் சார்ஜர். நியூட்ரலே வேண்டாம். இடிமின்னல் காலத்தில் லைனில் வரும் குத்துகளில் ஒரு பகுதியையும் டிரான்ஸ்பார்மர் தாங்கிக்கொள்ளும்.

பெட்டியைத் திறக்கும் முன் மெயின் ஆப், மூன்று பியூஸ் கேரியரும் கையில். கண்டன்சர் இருந்தால் அதைத் தொடும் முன் ஒரு 100 வாட் குண்டு பல்பை அதன் இரு முனையிலும் வைத்து இறக்குங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் அடிப்பது கண்டன்சரையும் கெடுக்கும், கண்ணையும் கெடுக்கும்.

---

#8 நாற்றங்கால்

கரண்ட் பக்கம் தெளிவு. போன் பக்கம்? கையில் இருப்பது பழைய 3ஜி போன். சிம் ஜியோ. நெட்வொர்க்கே காட்டவில்லை.

---

#9 வடவாறு

காட்டாது. ஜியோவுக்கு 2ஜி, 3ஜி இரண்டுமே கிடையாது. 4ஜி-யும் வோல்ட்டியும் (VoLTE, 4ஜி-யிலேயே பேசும் வசதி) உள்ள போன் வேண்டும். 3ஜி போனுக்கு 2ஜி இன்னும் உள்ள நிறுவனத்தின் சிம் போடுங்கள். ஏர்டெல் தன் 3ஜி-யை 2020-லேயே மூடிவிட்டது, ஆனால் 2ஜி இருக்கிறது. நெட்வொர்க் வகையை "2ஜி மட்டும்" என்று பூட்டிவிடுங்கள். இல்லாத 3ஜி-யைத் தேடித் தேடியே பேட்டரி இறங்கும்.

போனைத் தயார் செய்யும் முறை:

பேக்டரி ரீசெட். மேக்ரோட்ராய்ட் மட்டும் நிறுவு. பிளே ஸ்டோரில் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்து. வைபை, டேட்டா, புளூடூத், லொக்கேஷன் எல்லாம் அணை. 3000 எம்ஏஎச் பேட்டரி ஓரளவு நல்ல நிலையில் இருந்தால், சிக்னலும் நன்றாக இருந்தால், கரண்ட் இல்லாமலே மூன்று நாலு நாள் நிற்கும்.

சிம் பின் பூட்டை எடு. திரைப் பூட்டையும் "எதுவும் வேண்டாம்" என்று வை. இதை மறந்தால் போன் ஒருமுறை ரீஸ்டார்ட் ஆனதும் கதை முடிந்தது. பின் போடும் வரை சிம் திறக்காது. திரைப் பூட்டைத் திறக்கும் வரை புதிய ஆண்ட்ராய்டில் பெரும்பாலான செயலிகள் எழவே எழாது.

பேட்டரி அமைப்பில் மேக்ரோட்ராய்டுக்குத் தடை இல்லை என்று வை. சியோமி போனில் கூடுதலாக ஆட்டோஸ்டார்ட் என்று ஒன்று இருக்கும், அதையும் ஆன் செய். இரண்டாவது மேக்ரோவில் உள்ள 5 நிமிடக் காத்திருப்பில் "அலாரம் பயன்படுத்து" என்ற தேர்வைப் போடு. சார்ஜ் ஏறும்போது ஆண்ட்ராய்டு தூங்காது, அதனால் முதல் மேக்ரோவில் சிக்கல் இல்லை. சார்ஜர் கழன்ற பிறகு ஆழ்ந்து தூங்கும். அலாரம் இல்லாவிட்டால் 5 நிமிடம் 40 நிமிடம் ஆகும்.

செய்தியைத் தமிழில் எழுதுகிறவர்களுக்கு: ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ் 160 எழுத்து. தமிழில் 70 தான். அதுவும் "த்ரீ" என்பது கண்ணுக்கு இரண்டெழுத்து, கணக்கில் நான்கு: த, புள்ளி, ர, ஈகாரக் குறி. 70 தாண்டினால் இரண்டு எஸ்எம்எஸ் கணக்கு. "3 பேஸ் வந்தது" என்று எழுதினால் போதும்.

---

#10 பில்டர்பாயிண்ட்

அப்பாவிடம் பட்டன் போன் என்றால் எஸ்எம்எஸ்ஸே வேண்டாம். மேக்ரோவில் "அழை" → 20 விநாடி காத்திரு → "அழைப்பைத் துண்டி". கொட்டகை எண்ணுக்குத் தனி ரிங்டோன். மிஸ்டு கால் வந்தால் கரண்ட் வந்தது என்று அர்த்தம். யாரும் எதையும் படிக்க வேண்டாம்.

---

#11 உப்புக்காற்று

வேதாரண்யம் பக்கத்திலிருந்து சில குறிப்புகள். இங்கே நிலத்தடி நீர் உப்பு என்பதால் போர் குறைவு. ஆனால் இதே அமைப்பு தொட்டி மோட்டாருக்கும் இறால் குட்டை ஏரேட்டருக்கும் பயன்படும்.

கடல் காற்றில் முதலில் போவது மைக்ரோ யுஎஸ்பி முனை. பச்சை பூத்து, சார்ஜ் வந்து வந்து போகும். செய்தியும் வந்து வந்து போகும். கரண்ட்தான் ஆடுகிறது என்று நினைப்போம். கேபிளை மாட்டியபின் முனையைச் சுற்றிக் கொஞ்சம் வாசலின் தடவி, கேபிளைப் போனின் முதுகோடு டேப் போட்டு ஒட்டிவிடுங்கள், அசைவே இருக்கக் கூடாது.

பெட்டி: இரும்பு ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் போனை வைத்தால் சிக்னல் செத்துவிடும். தனி பிளாஸ்டிக் ஜங்ஷன் பாக்ஸ் வேண்டும். வயர் நுழையும் துளை அடிப்பக்கம் மட்டும், அதற்கு முன் வயர் ஒரு வளைவு தொங்கி ஏற வேண்டும், மழைத்துளி அந்த வளைவிலேயே சொட்டிவிடும். துளையைச் சிலிகானால் அடைப்பதானால் புளித்த காடி வாசனை அடிக்கும் சிலிகான் வேண்டாம். அது காயும்போது வெளிவரும் அமிலம் செம்பை அரிக்கும். "நியூட்ரல் க்யூர்" என்று எழுதியிருப்பதை வாங்குங்கள்.

எறும்பு, பல்லிக்கு என்று பெட்டிக்குள் அந்துருண்டை போடுகிறார்கள். அதன் ஆவி சில வகை பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். துளையை ஒழுங்காக அடைப்பதுதான் மருந்து. எலிக்கு: வெளியே ஓடும் வயர் முழுக்க பிவிசி பைப்புக்குள்.

---

#12 களிமண்

தகரக் கொட்டகைக்குள் சித்திரை வெயிலில் போன் என்ன ஆகும்? பேட்டரி வெடிக்காதா?

---

#13 வடவாறு

வெடிப்பதைவிட உப்புவதுதான் வழக்கம். லித்தியம் பேட்டரிக்கு எமன் இரண்டு பேர்: நூறு சதவீதத்திலேயே நிற்பதும் சூடும். இரண்டும் சேர்ந்தால் வேகம் கூடும். பொதுவாக 45 டிகிரிக்கு மேல் போனே சார்ஜை நிறுத்திவிடும். அப்போதும் சார்ஜர் "இணைந்தது" என்ற நிலை மாறாது, அதனால் நம் மேக்ரோ கெடாது. சார்ஜ் மட்டும் ஏறாது.

கூரையிலிருந்து தள்ளி, வடக்குச் சுவரில், நெஞ்சு உயரத்தில் மாட்டுங்கள். சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே விரற்கடை இடைவெளி. பாஸ்ட் சார்ஜர் வேண்டாம். பழைய 5 வோல்ட் 1 ஆம்பியர் சார்ஜரே நல்லது, சூடு குறைவு. நாள் முழுக்க ஒருமுனையாவது இருக்கும் லைனிலும், பேஸ் ரிலே போட்டுவிட்டால் மும்முனை நேரம் மட்டும்தான் சார்ஜ் ஏறும். அதுவே பேட்டரிக்கு ஓய்வு.

உப்பியிருக்கிறதா என்று பார்க்க: போனைச் சமமான கண்ணாடி மேல் மல்லாக்க வைத்து ஓரத்தில் சுண்டுங்கள். பம்பரம்போல் சுற்றினால் முதுகு வீங்கியிருக்கிறது. உடனே கழற்றுங்கள். குத்தாதீர்கள், அழுத்தி மூடி ரப்பர் பேண்ட் போடாதீர்கள்.

---

#14 கண்டன்சர்

இவ்வளவு சொல்லிவிட்டு முக்கியமான ஒன்றை விட்டுவிட்டீர்கள். பேட்டரி பூச்சியம் ஆகி அணைந்தபின் கரண்ட் வந்தால் என்ன ஆகும்?

போன் தானாக ஆன் ஆகாது. திரையில் பேட்டரிப் படம் மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரையேறிய பின் காவிரி டெல்டாவில் பல ஊர்களில் நாள் கணக்கில், சில இடங்களில் வாரக் கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட இடைவெளியில் எந்த போனும் தாங்காது. வெறும் நாலு நாள் மின்தடைக்கே பழைய பேட்டரி படுத்துவிடும்.

வழி இரண்டு.

எளிய வழி: பல சியோமி, மீடியாடெக் போன்களில் "குறித்த நேரத்தில் ஆன்/ஆப்" என்ற அமைப்பு இருக்கும். தினமும் காலை 5:30-க்கு ஆன் என்று வையுங்கள், ஆப் நேரம் வேண்டாம். கரண்ட் வந்து கொஞ்சம் சார்ஜ் ஏறியிருந்தால் மறுநாள் காலை எழுந்துகொள்ளும். 6 மணிச் செய்தியும் வந்துவிடும். போன் வாங்கும்போதே, அதாவது பரணில் கிடக்கும் நாலு போனில் எதை எடுப்பது என்று பார்க்கும்போதே, இந்த அமைப்பு உள்ளதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. கேமரா, ராம் எதுவும் இங்கே பொருட்டல்ல.

கடினமான வழி: சில மாடல்களில் கம்ப்யூட்டரோடு இணைத்து, பாஸ்ட்பூட் வழியாக "ஆப் மோடு சார்ஜ்" என்பதைப் பூச்சியமாக்கலாம். பிறகு சார்ஜர் வந்ததுமே போன் முழுசாக ஆன் ஆகும். எல்லா போனும் இதற்கு ஒத்துழைக்காது. அதோடு, 2 சதவீதத்தில் ஆன் ஆகி, நெட்வொர்க் தேடும் இழுப்பில் மறுபடி விழுந்து, மறுபடி ஆன் ஆகி என்று சுற்றிக்கொண்டே இருக்கும் ஆபத்தும் இதில் உண்டு. சார்ஜர் 1 ஆம்பியருக்குக் குறையாமல் இருந்தால் அந்த ஆபத்து குறையும், ஆனால் முழுசாகப் போகாது.

---

#15 களிமண்

பேட்டரியே வேண்டாம் என்று சிம் 800எல் மாட்யூல் (சிம் போட்டு எஸ்எம்எஸ் அனுப்பும் சின்ன போர்டு) போட்டால்?

---

#16 கண்டன்சர்

போடலாம். ஆனால் 2ஜி மட்டும், ஆகவே ஜியோ சிம் கிடையாது. அதற்கு 3.4 முதல் 4.4 வோல்ட் வேண்டும். 5 வோல்ட்டை நேரே கொடுத்துச் சுட்டவர்கள் பாதிப் பேர். மீதிப் பேர் மெல்லிய ஜம்பர் வயரில் கொடுத்துவிட்டு ஏன் நெட்வொர்க் வந்து வந்து போகிறது என்று தலையைச் சொறிகிறவர்கள். அனுப்பும் நொடியில் 2 ஆம்பியர் இழுக்கும். மாட்யூல் காலடியிலேயே 1000 மைக்ரோபாரட் கெப்பாசிட்டர் வையுங்கள். விளக்கு விநாடிக்கு ஒருமுறை சிமிட்டினால் நெட்வொர்க் தேடுகிறது. மூன்று விநாடிக்கு ஒருமுறை என்றால் கிடைத்துவிட்டது.

தவிர, கரண்ட் போனால் "போச்சு" என்று சொல்ல அதற்கும் ஒரு பேட்டரி வேண்டுமே. போனில் திரை, பேட்டரி, சார்ஜ் சர்க்யூட், ஆன்டெனா எல்லாம் பெட்டிக்குள்ளேயே வருகிறது. கற்றுக்கொள்ள மாட்யூல் நல்லது, கொட்டகைக்குப் போன்தான் என் கட்சி.

---

#17 நாற்றங்கால்

ஆட்டோ ஸ்டார்ட்டர் இருக்கிறது. மும்முனை வந்தால் மோட்டார் தானே ஓடிவிடும். எனக்குக் கரண்ட் வந்தது தெரிய வேண்டியதில்லை. தண்ணீர் விழுகிறதா என்று தெரிந்தால் போதும். ஏர் பிடித்து மோட்டார் வெறுமனே சுற்றுவதும் உண்டு. அதற்கு வழி இருக்கிறதா?

---

#18 பில்டர்பாயிண்ட்

இருக்கிறது, போனில் எதையும் மாற்றாமலே. குழாய் விழும் தொட்டியில் ஒரு ரீட் ப்ளோட் சுவிட்ச் (தண்ணீர் மட்டம் ஏறினால் இணையும் மிதவைச் சுவிட்ச்) வையுங்கள். சார்ஜரிலிருந்து போனுக்குப் போகும் யுஎஸ்பி கேபிளில் சிவப்பு வயர்தான் 5 வோல்ட். அதை அறுத்து இந்தச் சுவிட்சின் வழியாகக் கொண்டுபோனால், கரண்டும் தண்ணீரும் இரண்டும் இருந்தால்தான் சார்ஜ் ஏறும். செய்தியை "தண்ணீர் விழுகிறது" என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆனால் நேரடியாக அறுத்துச் சேர்க்கக் கூடாது. இரண்டு காரணம். சின்ன ரீட் சுவிட்ச் பெரும்பாலும் அரை ஆம்பியர்தான் தாங்கும், 1 ஆம்பியர் ஓடினால் உள்ளே ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் தண்ணீர் நின்றாலும் "விழுகிறது" என்றே சொல்லும். அடுத்தது தூரம். தொட்டி 10 மீட்டர் என்றால் போக வர 20 மீட்டர். அரை சதுர மில்லிமீட்டர் வயரில் அது சுமார் 0.7 ஓம், 1 ஆம்பியருக்கு 0.7 வோல்ட் வழியிலேயே போய்விடும். போனுக்கு 4.3 வோல்ட் வந்தால் ஏற்றவும் மாட்டேன், விடவும் மாட்டேன் என்று ஆடும்.

அதனால் பெட்டிக்குள் ஒரு 5 வோல்ட் ரிலே. காயில் சுமார் 70 மில்லி ஆம்பியர்தான் இழுக்கும். தொட்டிக்குப் போய் வருவது அந்தக் காயில் கரண்ட் மட்டும். அதற்கு மெல்லிய வயரும் ரீட் சுவிட்சும் தாராளம். ரிலே காண்டாக்ட், பெட்டிக்குள்ளேயே சிவப்பு வயரை இணைக்கும். காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டயோடு, கோடு போட்ட பக்கம் பிளஸ்ஸில். அது இல்லாவிட்டால் ரிலே விடும்போது வரும் உதை ரீட் சுவிட்சைத் தின்றுவிடும்.

ப்ளோட்டைத் தொட்டியின் அடியில் வைக்காதீர்கள். நின்ற தண்ணீரே அதைத் தூக்கிவைத்திருக்கும். வாய்க்காலுக்கு வெளியேறும் மடையின் மட்டத்துக்கு இரண்டு விரல் மேலே. மோட்டார் ஓடும்போது மட்டும் எட்டும் உயரம் எது என்று ஒருமுறை ஓட்டிப் பார்த்துச் சுவரில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பாசி, தவளை முட்டை அடைக்காமல் இருக்கச் சுற்றிலும் துளை போட்ட 4 இஞ்ச் பைப் துண்டு.

---

#19 நாற்றங்கால்

நன்றிங்க. அப்படியானால் பேஸ் ரிலே வேண்டாம்தானே? தண்ணீர் விழுந்தால் மும்முனை இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

---

#20 கண்டன்சர்

செய்திக்கு வேண்டாம். மோட்டாருக்கு வேண்டும். ஆட்டோ ஸ்டார்ட்டரில் பிரிவென்டர் இல்லாமல் இருந்தால், இருமுனைக்கு மாறும் நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் நிற்காமல் இரண்டு பேஸில் உறுமிக்கொண்டே ஓடும், காயில் கருகும். தண்ணீர் கொஞ்சம் விழுந்துகொண்டுதான் இருக்கும். உங்கள் போனும் எல்லாம் நலம் என்று சொல்லிக்கொண்டிருக்கும். பெட்டியைத் திறந்து பிரிவென்டர் இருக்கிறதா, இருந்தும் யாராவது வயரை பைபாஸ் செய்து வைத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். மோட்டாரை நிறுத்திவிட்டு, மெயினை அணைத்து, ஒரு பியூஸ் கேரியரை மட்டும் எடுத்துவிட்டு, மறுபடி மெயின் போட்டால் ஸ்டார்ட்டர் இழுக்கக் கூடாது. மூன்று பியூஸுக்கும் தனித்தனியாக இந்தச் சோதனை.